வாயைக் கட்டுவதும் எடை குறைவதும்

'வாயைக் கட்டு' என்பதற்குத் தமிழில் இரண்டு வேலை உண்டு. பத்தியம் இருப்பவரிடம் சொன்னால் அது மருந்தின் ஒரு பகுதி. உடம்பு பெருத்தவரிடம் சொன்னால் தீர்ப்பாகிவிடுகிறது: உனக்கு அடக்கம் போதவில்லை, அதனால்தான் இப்படி இருக்கிறாய். தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள் இந்தத் தீர்ப்பைக் கல்யாணப் பந்தியிலும், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்திலும், சில சமயம் மருத்துவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் கேட்கிறார்கள். எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013இல் வெளிவந்த ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கு இந்தக் குறைபாடு இருப்பதைக் கண்டது. அந்த எட்டில் சென்னையும் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. ஆகவே இது நம் வீடுகளுக்குள் இருக்கும் கேள்வி. ஒருவருடைய எடை அவருடைய மன அடக்கத்துக்குச் சாட்சி சொல்லுமா? சொல்லாது என்பது என் முடிவு. ஆனால் 'பாவம், அவருக்குத் தைராய்டு' என்று நோயைக் காட்டி மட்டும் அந்த முடிவுக்கு வந்துவிட முடியாது. அந்த வழி பாதியில் நின்றுவிடும்.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியின் எடை இருபது கிராம் அளவுதான். அது நாளொன்றுக்குச் சுரக்கும் தைராக்சின் ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்தத் துளி குறைந்தால் உடலின் அடுப்பு மந்தமாகிறது. குளிர் தாங்காது, மலம் கட்டும், முடி கொட்டும், குரல் கட்டையாகும். எத்தனை மணி நேரம் தூங்கினாலும் அசதி போகாது. பேச்சும் நினைவும் இழுபடும். பசி குறைந்திருக்கும்போதே எடை ஏறும். நோயின் பெயர் தெரியாத ஒருவர் இந்த அடையாளங்களைப் பார்த்தால் குணக்கேடு என்றே நினைப்பார். கவனமின்மை, சோம்பல், உறக்கம் ஆகிய மூன்றையும் தமோ குணத்தின் தளைகள் என்கிறது பகவத் கீதையின் பதினான்காம் அத்தியாயம். கிறிஸ்தவ மரபின் ஏழு பெரும் பாவங்களில் பெருந்தீனியும் சோம்பலும் இருக்கின்றன. நோய் இங்கே பாவத்தின் முகத்தை அப்படியே மாட்டிக்கொண்டு வருகிறது.

அந்த முகம் கழன்ற நாளை மருத்துவ வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், இந்த நோய் முற்றியிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் வீங்கிய முகம் வடிந்தது, பேச்சு தெளிந்தது, நடை வேகம் பெற்றது. பிறகு சாற்றை வாய்வழியாகவே எடுத்துக்கொண்டு அந்தப் பெண் இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தம் 74ஆம் வயதில் காலமானார். அவருடைய ஆயுள் முழுமைக்கும் ஏறத்தாழ 870 ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டதாக மரே கணக்கிட்டார். எந்த உபதேசமும் அசைத்திருக்க முடியாத மந்தத்தை ஆட்டின் சுரப்பி போக்கியது. அப்படியென்றால் அந்த மந்தம் யாருடையது? சாங்கியத் தத்துவம் இதற்கு எப்போதோ விடை வைத்திருக்கிறது. சத்துவம், ரஜஸ், தமஸ் மூன்றும் பிரகிருதிக்கு, அதாவது இயற்கைப் பொருளுக்கு உரியவை. புருஷனுக்கு, அதாவது ஆன்மாவுக்குக் குணம் இல்லை. உடலின் தமஸை ஆளின் தலையில் ஏற்றுவது அந்தத் தத்துவத்தின்படி பார்த்தாலும் பிழை.

இதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் எண்கள் ஒத்துவரவில்லை. தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை, நோயின் கடுமையைப் பொறுத்து, பொதுவாக இரண்டிலிருந்து நாலரை கிலோ என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் நோயாளிகளுக்கான தன் விளக்கத்தில் சொல்கிறது. அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கிய உப்பும் நீரும். டென்மார்க்கில் நடந்த சிறிய ஆய்வொன்றில், சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் சராசரியாக நான்கு கிலோ குறைந்தபோது வடிந்தது நீர்தான், கொழுப்பு அப்படியே இருந்தது. ஆக, தைராக்சின் மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அளவு ரத்தத்தில் சரியான பிறகும் பலருக்குப் பத்து, பதினைந்து கிலோ மிச்சம் நிற்கிறது. அப்போது பழைய தீர்ப்பு திரும்பி வருகிறது. 'அதுதான் மாத்திரை போடுகிறாயே, இனி என்ன சாக்கு?' நோயைக் காட்டி வாங்கிய மன்னிப்பு நாலு கிலோவோடு தீர்ந்துபோகிறது. அந்த மன்னிப்பில் இன்னொரு குறையும் இருக்கிறது. இவருக்கு நோய், ஆகவே குற்றமில்லை என்று சொல்லும்போதே, நோயில்லாமல் பெருத்தவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொள்கிறோம். பரிசோதனைக் கூடத்தின் காகிதம் ஒருவரை விடுவிக்கிறது, அவருடைய தங்கையைக் கூண்டில் ஏற்றுகிறது. எனவே கேட்க வேண்டியது அந்தச் சட்டத்தைப் பற்றித்தான். எடையை அடக்கத்தின் அளவுகோலாகக் கொள்ளும் சட்டம் எங்கிருந்து வந்தது, அதற்கு ஆதாரம் என்ன?

மன உறுதியால் பசியை வெல்லலாம் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. போரால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காக 1944இன் பிற்பகுதியில் தொடங்கிய அந்தச் சோதனைக்கு 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். கொல்ல மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். பலர் ஆழ்ந்த மத நம்பிக்கை உள்ளவர்கள். நாடே எதிர்த்து நின்றபோதும் கொள்கையை விடாதவர்களிடம் மன உறுதிக்குப் பஞ்சமிருக்க முடியாது. 24 வாரங்கள் அவர்களுக்கு ஏறத்தாழ பாதி உணவு தரப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. கூடவே வேறு ஒன்றும் நடந்தது. எந்நேரமும் சோற்று நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிலர் விதியை மீறி ஒளித்துத் தின்றார்கள். உடல் குளிர்ந்தது, இதயத் துடிப்பு தளர்ந்தது. சோதனை முடிந்தபின் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டார்கள். எடை திரும்பியபோது முன்பைவிட அதிகக் கொழுப்போடு திரும்பியது. பட்டினி கிடப்பவரின் உடலில் தைராய்டு ஹார்மோனின் செயல்படு வடிவமான டி3 குறைகிறது என்பது பின்னால் தெரியவந்தது. அதாவது எடையைக் குறைக்க முயலும் எவருடைய உடலும், ஓரளவுக்கு, தைராய்டு குறைந்தவரின் உடலைப் போலச் சிக்கனமாகிறது. நோயாளிக்கும் மற்றவர்க்கும் இடையே நாம் போட்ட கோடு அங்கே மங்குகிறது.

மற்ற சான்றுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழு வெளியிட்ட முடிவின்படி, அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களின் உடல்வாகோடு பொருந்தியது, சோறு போட்டு வளர்த்தவர்களோடு பொருந்தவில்லை. 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் ஓயாமல் உணவு கேட்டு அழுதார்கள், மிகக் கடுமையாகப் பெருத்தார்கள். அதை ஊசியாகப் போட்டதும் மற்றக் குழந்தைகளைப் போல உண்டு எழுந்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பேராசைக்காரர்கள் என்று ஒருவர் திட்டியிருந்தால், ஊசிக்குப் பிறகு அந்தப் பேராசை எங்கே போயிற்று என்று அவர் சொல்ல வேண்டும்.

இனி மரபு நூல்களைப் பார்ப்போம். எடையைப் பழிக்கும் பழக்கம் மதத்தின் பெயரால்தான் பெரும்பாலும் நியாயப்படுத்தப்படுகிறது. நூல்களை நிதானமாகப் படித்தால் அவை அதற்கு இடம் தரவில்லை. ஆறாம் நூற்றாண்டில் பாவங்களை வகுத்த போப் முதலாம் கிரகோரி, பெருந்தீனி ஐந்து வழிகளில் வரும் என்றார்: நேரத்துக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, அளவு மீறுவது, உணவுக்காகப் பறப்பது, பக்குவத்தில் நுணுக்கம் பார்ப்பது. ஐந்தும் உண்ணும் விதத்தைப் பற்றியவை. உண்பவரின் இடுப்பளவு அந்தப் பட்டியலில் இல்லை. ஒல்லியானவர் ஐந்தையும் செய்யலாம். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை மிகப் பெருத்த உடலை இகழப்படும் எட்டு உடல்களில் ஒன்றாகச் சொல்வது உண்மை. ஆனால் மற்ற ஏழு எவை? மிக நெட்டை, மிகக் குட்டை, மயிர் மிகுந்தது, மயிரற்றது, மிகக் கருத்தது, மிக வெளுத்தது, மிக மெலிந்தது. உயரத்துக்காகவும் நிறத்துக்காகவும் ஒருவரைப் பாவி என்று எந்த மருத்துவர் சொல்வார்? பெருப்பதற்கான காரணங்களை அடுக்கும்போது இனிப்பு, நெய், பகல் தூக்கம் இவற்றோடு 'பீஜ சுபாவம்', விதையின் இயல்பு என்பதையும் சரகர் சேர்க்கிறார். டென்மார்க் ஆய்வுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கருத்து அது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். நோயே முன்வினைப் பயன்தானே, விதையின் இயல்பும் அதற்குள் அடக்கம்தானே? இந்தக் கேள்வியை மோலிய சீவகன் என்ற துறவி புத்தரிடமே கேட்டதாகப் பௌத்த நூலான சம்யுத்த நிகாயம் சொல்கிறது. மனிதர் அனுபவிப்பது எல்லாம் முன் செய்த வினையால் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், பேணாமை, திடீர்த் தாக்குதல், வினைப்பயன். வினை எட்டில் ஒன்று. எல்லாம் வினையே என்பவர்கள் உலகம் கண்கூடாக அறிந்ததை மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். வினைக் கொள்கையின் பெரும் ஆசிரியரிடமிருந்தே வரும் கட்டுப்பாடு இது. தமிழில் பரிமேலழகரும் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்கிறார். திருக்குறளின் மருந்து அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும்போது பிணிகளை இரண்டாகப் பிரிக்கிறார். பழவினையால் வருவன அந்த வினை கழிந்தால்தான் தீரும், பிற காரணங்களால் வருவனவற்றையே மருந்து தீர்க்கும் என்கிறார். இந்தப் பிரிப்பை அப்படியே ஏற்றுக்கொள்வோம். காலையில் ஒரு சிறு மாத்திரைக்குக் கட்டுப்படும் தைராய்டு குறைவு எந்தப் பக்கம் விழும்? அவர் சொல்லின்படியே அது பழவினைப் பக்கம் விழாது.

அதே அதிகாரத்தின் பாதிக்கும் மேற்பட்ட குறள்கள் உணவளவைப் பற்றியவை என்று ஒருவர் சுட்டிக்காட்டலாம். கோசல மன்னன் பசேனதியின் கதையையும் நினைவூட்டலாம். படி படியாகச் சோறு தின்றுவிட்டு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த மன்னனுக்கு, அளவறிந்து உண்பவனுக்கு வேதனை குறையும், முதுமை மெல்ல வரும் என்று புத்தர் ஒரு பாட்டுச் சொன்னார். மன்னனும் உடல் இளைத்தான். இரண்டும் சரியே. மிதமாக உண்பது நல்லொழுக்கம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் புத்தர் மன்னனின் உடலைப் பார்த்து அவன் உணவை ஊகிக்கவில்லை, உண்டுவிட்டு மூச்சுத் திணறியவனுக்கே சொன்னார். மன்னனும் தனியாக வென்றுவிடவில்லை. ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டைச் சொல்ல ஓர் இளைஞனைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டான். குறளும் உணவுக்கு ஒரே அளவை எல்லோருக்கும் விதிக்கவில்லை, செரிமானத்தை அறிந்து உண்ணச் சொல்கிறது. மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. அரிஸ்டாட்டில் நடுநிலையை விளக்க மைலோ என்ற மல்லனை எடுத்துக்காட்டியதும் இதற்காகவே. பத்துப் பங்கு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்றால் எல்லோருக்கும் ஆறு என்று ஆகாது. அது மைலோவுக்குப் போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிஞ்சும். அளவு ஆளைச் சேர்ந்தது என்று ஏற்றால், எரிப்பு மந்தமான உடலின் அளவை வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவார்?

விஞ்ஞானம் படித்தவர்களின் மறுப்பு வேறு. எரிவதைவிட உண்பது மிகுந்தால் எடை கூடும், இது இயற்பியல், இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பார்கள். விதி உண்மைதான். வரவைவிடச் செலவு மிகுந்தால் பை காலியாகும் என்பதும் உண்மைதான். ஓர் ஏழையின் காலிப் பையைப் பார்த்து அவர் ஊதாரி என்று முடிவுகட்டலாமா? கூலி என்ன, வீட்டில் எத்தனை வாய், மருந்துச் செலவு எவ்வளவு என்று கேட்காமல் அந்தக் கணக்கு எதையும் சொல்லாது. கணக்கு எப்படி நேர்ந்தது என்பதைக் கூறும் விதி, யார் தவறு என்று கூறாது.

பழியை எடுத்துவிட்டால் மனிதர்கள் முயற்சியை விட்டுவிடுவார்களே என்ற அச்சம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது. பெற்றோரும் கணவன்மாரும் அந்த எண்ணத்தில்தான் கடிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், எடைக்காகத் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள் பின்னாளில் உடற்பருமன் அடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இது ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிந்தால் இளைப்பார்கள் என்ற நம்பிக்கைக்கு அது ஆதரவாக இல்லை.

அப்படியானால் கடமை என்று எதுவும் மிஞ்சாதா? நிறைய மிஞ்சுகிறது. செயலில்தான் உனக்கு உரிமை, பயனில் இல்லை என்ற கீதையின் போதனையை எடை விஷயத்தில் மட்டும் நாம் தலைகீழாக்கி, பயனைக் கொண்டு செயலை அளக்கிறோம். செயல் தெளிவானது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். நடக்க வேண்டும், பசிக்கு உண்ண வேண்டும். பயனையே குறியாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கும் பழக்கம் பழையது. அது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை மெலிவிக்கும். உடற்பருமனுக்கு இதைத் தரக் கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் அந்த மருந்தின் விவரத்தாளிலேயே கட்டம் கட்டி அச்சாகிறது. விரதத்தையும் இளைக்கும் கருவியாக்கிவிட்டோம். நோன்பை விதித்த குர்ஆன் அந்த இடத்திலேயே நோயாளிக்கு விலக்கும் தருகிறது. அளவுக்கு மீறி உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே கிடப்பவனுக்கும் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. உடலை ஒறுத்து ஆறாண்டுகள் கழித்த சித்தார்த்தர் அதைக் கைவிட்டு உணவு ஏற்ற பின்பே போதி மரத்தடியில் அமர்ந்தார்.

எடை கூடினால் உடலுக்குக் கேடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டு தேயும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். குறைக்க முடிந்தவர்கள் குறைப்பது நல்லது. முயன்றும் முள் நகராதவர்கள் முயற்சி வீண் என்று எண்ண வேண்டாம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு அளவுக்குத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. உணவிலும் நடையிலும் அறிவுரை பெற்றுப் பின்பற்றிய குழுவில், பெறாதவர்களோடு ஒப்பிட, சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அந்தக் குழுவின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவில்லை.